நெல்லறைப் பூட்டும் நங்கநல்லூர்ப் பூட்டும்

நிலக்கோட்டையில் எங்கள் தாத்தா வீட்டு நெல்லறைக் கதவில் ஒரு திண்டுக்கல் பெட்டிப் பூட்டு இருந்தது. கனத்த இரும்புத் தகட்டில் ரிவிட் அடித்துச் செய்தது. உள்ளங்கையை விரித்து வைத்தாலும் முழுக்க மறைக்க முடியாது. சாவி ஏறக்குறைய ஒரு சாண். தாத்தா இருந்தவரை அது அவர் இடுப்பில் இருந்தது. 1974-ல் அவர் காலமான பிறகு அப்பத்தாவின் இடுப்புக்கு வந்தது. சாவி வந்ததே தவிர, பூட்டைப் பற்றித் தாத்தாவுக்குத் தெரிந்தது எல்லாம் கூடவே வரவில்லை.

அடுத்த ஆண்டு ஆடி மாதம் ஒரு காலையில், நெல் அளக்கப் போன அப்பத்தா கதவைத் திறக்க முடியாமல் திரும்பினாள். சாவி சுலபமாக உள்ளே போனது. கால் சுற்று திரும்பியது. அதோடு நின்றுவிட்டது. அப்பா வந்து முயன்றார். சித்தப்பா வந்து முயன்றார். தேங்காய் எண்ணெயை இறகில் தொட்டுச் சாவித் துவாரத்தில் விட்டுப் பார்த்தார்கள். தோட்டத்து ஆள் கடப்பாரையோடு வந்து நின்றார். அப்பத்தா விடவில்லை. "அவுக பாத்துப் பாத்துப் போட்ட பூட்டு. அதுல கடப்பாரை வச்சா நான் இந்த வீட்டுல சோறு திங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குச் சமையலுக்குப் பக்கத்து வீட்டில் அரிசி கைமாற்று வாங்கினார்கள். அப்பா பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்குப் போனார்.

மறுநாள் வந்த ஆசாரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சாக்குப் பையில் அரங்கள், ஒரு குறடு, சின்னச் சுத்தியல், பித்தளைத் தகட்டுத் துண்டுகள். வந்தவர் சாவியைக் கையில் வாங்கவே இல்லை. முதலில் கதவைப் பார்த்தார். கீலைத் தொட்டுப் பார்த்தார். கதவு நிலையில் எங்கே உரசுகிறது என்று பார்க்கக் கீழே குனிந்து அதன் ஓரமாக விரலை ஓட்டினார். பிறகு, கடைசியாக யார் திறந்தது, திருப்பும்போது பூட்டு எப்படி இருந்தது என்று அப்பத்தாவிடம் கேட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் சாவியை வாங்கிப் போட்டு, திறக்கும் பக்கம் போகாமல் பூட்டும் பக்கமாக மெதுவாக ஒரு திருகு திருகினார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு வழக்கம்போலத் திறந்தார். நாக்கு பின்வாங்கிக் கதவு திறந்துகொண்டது.

எல்லாருக்கும் மகிழ்ச்சி. அப்பா கூலியைக் கேட்டபோது ஆசாரி பதில் சொல்லாமல் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பூட்டு கெட்டுப் போகலீங்கய்யா. யாரோ வேற சாவி விட்டுத் திருகிப் பாத்திருக்காக. அதான் தன்னைத்தானே பிடிச்சுக்கிட்டு நின்னுருச்சு."

கூட்டுக் குடும்பம். வீட்டுக்குள் பெரியவர்கள் மட்டுமே ஏழெட்டுப் பேர். தோட்டத்து ஆட்கள், வேலைக்கு வருகிற பெண்கள் வேறு. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு முற்றத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பத்து வயதுப் பையனான எனக்கே அது புரிந்தது.

ஆசாரி அதைக் கவனிக்காதவர் மாதிரி வேலையைத் தொடங்கிவிட்டார். பூட்டைக் கதவிலிருந்து கழற்ற நான்கு மரையாணிகள். வெளிப்பக்கத்தில் அவற்றின் தலை வழுவழுப்பான குமிழ். திருப்புளியோ குறடோ அதைப் பிடிக்காது. மரை எல்லாம் உள்பக்கம். அறையைத் திறந்தவரால்தான் பூட்டைக் கழற்ற முடியும் என்பதற்காகவே அப்படி வைத்தது. வருஷா வருஷம் பொங்கலுக்கு அடித்த பெயின்ட் மரைகளின் மேல் தடித்துக் கிடந்தது. அதை உளி முனையால் சுரண்டி எடுத்து, ஒவ்வொரு மரையாகக் கழற்றி, எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே வரிசையில் துண்டின் மேல் வைத்தார். திண்ணையில் உட்கார்ந்து பெட்டியின் மூடியைப் பெயர்த்ததும் அதற்குள் உமித் தூசு. அப்பா விட்ட எண்ணெய் அதோடு சேர்ந்து களியாகியிருந்தது.

"எண்ணெய் விட்டீகளாக்கும்? பூட்டுக்கு எண்ணெய் ஆகாதுங்கய்யா. தூசிய இழுத்து வச்சுக்கும்."

மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஒவ்வொரு பாகமாகத் துடைத்தார். கடைசியில் என் பென்சிலைக் கேட்டு வாங்கி, அதன் ஊக்கை அரத்தில் தேய்த்துக் கிடைத்த தூளை உள்ளே தூவினார். இன்றைக்கும் பூட்டுக்காரர்கள் சொல்வது அதைத்தான்: கிராஃபைட் தூள் போடு, எண்ணெய் விடாதே.

அந்தத் திண்ணையில்தான் ஒரு பூட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதல்முறையாகப் பார்த்தேன். பித்தளை லீவர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சின்ன வில். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெட்டு. ஆனால் எல்லா வெட்டும் ஒரே உயரத்தில் இல்லை. நாக்கில் முளை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. சாவியின் பற்கள் லீவர்களை அதது வேண்டிய அளவுக்கு உயர்த்தும்போது வெட்டுகள் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்கும். முளை அதன் வழியே போகும், நாக்கு நகரும். ஒரு லீவர் கொஞ்சம் குறைவாக உயர்ந்தாலும் வழியில்லை, கூடுதலாக உயர்ந்தாலும் வழியில்லை. இந்த 'கூடுதலும் ஆகாது' என்பதைக் கொண்டுவந்தவர் ராபர்ட் பாரன் என்ற ஆங்கிலேயர், 1778-ல். அதற்கு முன் லீவரைத் தூக்கிவிட்டால் போதும், பூட்டு திறந்துவிடும்.

எங்கள் பூட்டில் இன்னும் ஒரு அடி மேலே போயிருந்தார்கள். கடைசி லீவருக்குப் பக்கத்தில் கொக்கி போட்ட வில் ஒன்று. பொருந்தாத சாவி அந்த லீவரை அளவுக்கு மீறித் தூக்கினால், கொக்கி அதைப் பிடித்துக்கொண்டு விடாது. அப்புறம் சரியான சாவியே வந்தாலும் திறக்காது. வீட்டுக்காரர் தன் சாவியைப் பூட்டும் பக்கமாக ஒரு முறை திருகினால்தான் கொக்கி விடும். அதாவது, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்பதை வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் பூட்டு திறக்காது. இந்தத் தத்துவத்துக்கு இங்கிலாந்தில் 1818-ல் காப்புரிமை வாங்கியவர் ஜெரமையா சப். அதற்கு முந்தைய ஆண்டு போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் கள்ளச்சாவி போட்டு நடந்த திருட்டுதான் காரணம். தன் சாவியைத் தவிர வேறெதற்கும் திறக்காத பூட்டுக்கு அரசாங்கம் 100 பவுன் பரிசு அறிவித்திருந்தது. சப் முதலில் செய்த பூட்டில் கொக்கியை விடுவிக்கத் தனிச் சாவி வேண்டியிருந்தது; பிற்பாடு வந்த திருத்தத்தில் வீட்டுக்காரரின் சாவியே போதும் என்றானது. 1851-ல் லண்டனில் உலகப் பொருட்காட்சி நடந்த ஆண்டு, ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அந்த வகைப் பூட்டு ஒன்றைச் சாட்சிகளை வைத்துக்கொண்டு 25 நிமிடங்களில் திறந்து காட்டினார் என்பது வேறு கதை. எங்கள் ஆசாரி இதையெல்லாம் படித்தவர் அல்ல. தகப்பனார் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்துச் செய்ய வந்தவர்.

அப்பா, "இது வேண்டாம், புதுப் பூட்டு ஒண்ணு போட்டுருங்க" என்றார். ஆசாரி சம்மதிக்கவில்லை. பெட்டிக்கு என்ன குறை, நாக்குக்கு என்ன குறை என்று கேட்டார். வேண்டியது வேறு சாவி, அவ்வளவுதான். லீவர்களை வெளியே எடுத்து வரிசையை மாற்றி அடுக்கினார். ஒன்றை மட்டும் புதுத் தகட்டில் வெட்டி அரம் போட்டுச் செய்தார். பற்கள் வெட்டாத கட்டைச் சாவி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, விளக்குக் கரியில் கருக்கி, பூட்டுக்குள் விட்டு எடுத்து, கரி கலைந்த இடத்தை மட்டும் ராவி, மறுபடி கருக்கி, மறுபடி விட்டு, பொழுது சாயும்வரை அதைச் செய்தார். ஆளுக்கு ஒன்றாக அப்பத்தாவுக்கும் அப்பாவுக்கும் இரண்டு சாவிகள். பழைய சாவியின் பற்களை அவர்கள் கண்முன்னாலேயே ராவித் தள்ளினார். "மூணாவது சாவி என்கிட்டயும் கிடையாதுங்கய்யா" என்றார். யார் எந்தக் கள்ளச்சாவியை எங்கே வைத்திருந்தாலும், இனி அது வெறும் இரும்பு.

ஆசாரி போன பிறகு அப்பா எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிடப் போனார். அப்பத்தா தடுத்தாள்.

"பூட்டு சொல்ல வேண்டியதச் சொல்லிருச்சு. அதுக்கு மேல நீ ஒண்ணும் கேக்க வேணாம்."

"ஆத்தா, தெரிய வேணாமா யாருன்னு?"

"தெரிஞ்சு?"

அப்பா பேசாமல் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். அந்தத் தை மாதம் நெல் வந்ததும், அப்பத்தா யாரையும் கேட்காமல் இரண்டு மூட்டையைத் தனியே எடுத்து வைத்து ஒரு வீட்டுக்கு அனுப்பினாள். அடுத்த தையிலும் அனுப்பினாள். அவள் இருந்தவரை அது நடந்தது. எந்த வீடு என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

இப்போது நங்கநல்லூரில், அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் நானும் மனைவியும் இருக்கிறோம். மகன் பெங்களூருவில். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இவள் வெளியே நின்ற சம்பவம் ஒன்றுக்குப் பிறகு, அவன்தான் டிஜிட்டல் பூட்டு வாங்கி ஆள் அனுப்பிப் பொருத்தினான். அந்தப் பூட்டின் நன்மைகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முழங்கால் வலிக்கிற நாட்களில் மனைவி எழுந்து போய்க் கதவு திறக்க வேண்டியதில்லை. சாவி தேட வேண்டியதில்லை. கைரேகை, எண், அட்டை, கைபேசி என்று எதில் வேண்டுமானாலும் திறக்கலாம். வயதானவர்கள் தனியாக இருக்கிற வீட்டுக்கு இது பெரிய வசதி. எங்களுக்கு ஏதாவது ஒன்று என்றால் மகன் பெங்களூருவில் இருந்தே அக்கம்பக்கத்தாருக்குக் கதவைத் திறந்துவிடலாம். அந்த நிம்மதிக்காகத்தான் அவன் வாங்கினான்.

சமையலுக்கு ஓர் அக்கா வருகிறார். பல வருஷப் பழக்கம். அவருடைய விரலைப் பூட்டில் பதியப் பார்த்தோம். எந்த விரலையும் அது ஏற்கவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகைகள் மழுங்கியிருந்தன. ரேஷன் கடையிலும் இதே கதைதான் என்று சொல்லிச் சிரித்தார். அங்கே இரண்டு மூன்று விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்களாம். உழைத்துத் தேய்ந்த கைகளை அடையாளம் தெரியாத ஒரு கருவியை உழைப்பவர்கள் மேலேயே வைத்துச் சோதிப்பது எனக்கு அப்போதே உறுத்தியது. கடைசியில் அவருக்கென்று ஓர் எண்ணைப் போட்டுக் கொடுத்தோம். அதன் விளைவு ஒன்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அவருக்குத் தனி எண் என்றால், பூட்டின் கணக்கில் அவருக்குத் தனிப் பெயர். அவர் எப்போது வந்தார், எப்போது போனார் என்பது நிமிடம் பிசகாமல் மகனின் கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் பேசும்போது சாதாரணமாகச் சொன்னான். "அம்மா, அக்கா எட்டரைக்கு வர்றதுன்னுதானே பேச்சு? கொஞ்ச நாளா ஒன்பதே காலுக்குத்தான் வர்றாங்க." அவன் குற்றமாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டது, சொன்னான். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவதற்காக நேரத்தை மாற்றிக்கொள்ளட்டுமா என்று அக்கா கேட்டதும், மனைவி சரி என்றதும், எங்கள் சமையலறையில் நடந்த பேச்சு. பூட்டுக்கு அது எப்படித் தெரியும்?

அதோடு போயிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஐப்பசி மழை நாளில் நாங்கள் ஒரு கல்யாணத்துக்காகத் தாம்பரம் போயிருந்தோம். மத்தியானம் கதவு திறந்திருக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி திறந்து மூடியிருக்கிறது. அக்காவின் எண். மகன் அம்மாவைக் கேட்டான். மறுநாள் காலையில் இவள் அக்காவிடம், "நேத்து மத்தியானம் வந்தீங்களா?" என்று கேட்டாள். கேட்கும்போது அவள் மனதில் ஒன்றுமில்லை. எனக்கு அவளைத் தெரியும். ஆனால் நாங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் நடந்தது எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அக்கா யோசித்தது அவர் முகத்தில் தெரிந்தது. தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"ஆமாம்மா. மழைக்கு ஒதுங்கினேன். ஹால்ல ஓரமாத்தான் உக்காந்திருந்தேன். ஃபேன்கூடப் போடலம்மா."

அந்தக் கடைசி வார்த்தைக்கு எங்கள் இருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. மழைக்கு ஒதுங்க நம் வீடு இருக்கிறது என்று அவர் நினைத்ததே எங்களுக்குப் பெருமை. அதை அவர் வாயால் கணக்கு ஒப்பிக்க வைத்துவிட்டோம். மறுநாளிலிருந்து அவர் எண்ணை அழுத்துவதை நிறுத்திவிட்டார். அழைப்பு மணி அடித்தார். இவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்த் திறந்தாள்.

மகனிடம் பேசினேன். அவனுக்கு வருத்தம்தான், உடனே கைபேசி அறிவிப்பை நிறுத்திவிட்டான். ஆனால் அக்கா மணி அடிப்பது நிற்கவில்லை. அறிவிப்பை நிறுத்தினாலும் கணக்கு எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது, வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம். அதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நெல்லறைப் பூட்டு நினைவுக்கு வந்தது அப்போதுதான். அதுவும் வேவு பார்த்த பூட்டுதான். ஆனால் அது சொன்னது ஒரே ஒரு செய்தி: யாரோ கைவைத்தார்கள். பெயர் சொல்லவில்லை, நேரம் சொல்லவில்லை. வீட்டுச் சாவி வைத்திருந்தவளிடம் மட்டும் சொன்னது. என்ன செய்வது என்பதை அவளிடமே விட்டுவிட்டது. அப்பத்தா சாவியை மாற்றினாள், ஆளை விட்டுவிட்டாள், வறுமையைக் கவனித்தாள். அந்த மூன்றையும் அவளால் செய்ய முடிந்ததற்குக் காரணம், பூட்டு அவ்வளவோடு நிறுத்திக்கொண்டதுதான். நங்கநல்லூர்ப் பூட்டுக்குப் பெயர் தெரியும், நிமிடம் தெரியும்; மழை தெரியாது, பேத்தியின் பள்ளிக்கூடம் தெரியாது. தெரிந்ததை இந்த வீட்டில் இருக்கிறவர்களை விட்டுவிட்டு இன்னொரு ஊரில் இருக்கிறவனிடம் சொல்கிறது. கேட்காமல் விடுகிற உரிமை வீட்டுக்காரிக்கு இல்லாமல் போய்விடுகிறது. வீட்டில் வேலை செய்ய வருகிறவர்களுக்குத் தனி எண் கொடுத்திருப்பவர்கள் ஒருமுறை இதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பூட்டை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம்.

கழற்றுவது சுலபமாக இல்லை. தச்சு வேலை செய்கிற தம்பி ஒருவரைக் கூப்பிட்டேன். உள்பக்கத்துப் பெட்டியின் மூடியைத் தள்ளி பேட்டரிகளை எடுத்தால் அடியில் திருகாணிகள். அவற்றைக் கழற்றியதும் பெட்டி கையோடு வந்தது. பின்னால் ஒரு ஒயர் கதவைத் துளைத்துக்கொண்டு வெளிப்பக்கத்துக்குப் போகிறது. அதன் இணைப்பை நகத்தால் அமுக்கிப் பிரித்தோம். இரும்புத் தகடும், கதவைக் கோத்துப் பிடித்த இரண்டு நீளத் திருகாணிகளும் வந்தன. வெளிப்பக்கப் பலகையும் வந்தது. கதவுக்குள் புதைந்திருக்கும் மார்டிஸ் பூட்டை இழுக்க வேண்டும். அதற்கு முன் அதன் குறுக்கே இருக்கிற சிலிண்டர் வெளியே வர வேண்டும். அவசரத்துக்கு என்று வைத்த சாவித்துளை அதில்தான் இருக்கிறது. கதவின் விளிம்பில் அதைப் பிடித்திருந்த ஒற்றைத் திருகாணியைக் கழற்றியாகிவிட்டது. ஆனாலும் சிலிண்டர் அசைய மறுத்தது. தம்பி பின்னால் கட்டை வைத்துத் தட்டினார். வரவில்லை. "உடைச்சிரலாமா சார்?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷன் சாலையில் குடை விரித்துச் சாவி வெட்டுகிற பெரியவரைக் கூட்டி வந்தேன். அவர் வந்து பார்த்தவுடன் கேட்டது ஒன்றுதான்: "இதோட சாவி எங்க சார்?" யாரும் தொட்டதில்லை. மனைவி பரண் மேலிருந்து பூட்டு வந்த அட்டைப்பெட்டியை இறக்கச் சொன்னாள். அதற்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. பெரியவர் சாவியைப் போட்டு, ஒரு பக்கம் கொஞ்சமே கொஞ்சம் திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டு இழுத்தார். சிலிண்டர் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

கையில் வாங்கிப் பார்த்தேன். மேலே உருண்டை, கீழே நீண்ட தண்டு. சாவித்துளை மாதிரியே வெட்டு முகம். முழு உயரம் 33 மி.மீ., உருண்டையின் விட்டம் 17 மி.மீ. ஐரோப்பிய அளவு என்று இதற்குப் பெயர். நடுவில் ஒரு சின்ன உலோக விரல். சாவியைத் திருப்பும்போது அந்த விரல்தான் சுற்றி வந்து பூட்டின் நாக்கைத் தள்ளுகிறது. சாவி இல்லாதபோது அது ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும், பூட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு தட்டினாலும் வராது. சாவியைக் கொஞ்சம் திருப்பி, விரல் தண்டோடு தண்டாக ஒட்டி நிற்கும் இடத்தில் வைத்தால் தடையே இல்லை. சொந்தச் சாவி வைத்திருப்பவரால் மட்டும் கழற்ற முடிகிற ஏற்பாடு. மரையை உள்பக்கம் வைத்த திண்டுக்கல் ஆசாரி செய்த அதே யோசனை.

மாற்றாகத் திண்டுக்கல் பூட்டே போடலாமா என்று எனக்கு ஆசை. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கைவேலை செய்கிற பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அலிகாரிலிருந்து வருகிற இயந்திரப் பூட்டின் விலையோடு போட்டி போட முடிவதில்லை. கோயிலுக்கும் கிட்டங்கிக்கும் தொங்கு பூட்டு கேட்டு வருகிறவர்களை நம்பி இருக்கிறார்கள். எங்கள் அடுக்குமாடிக் கதவின் மெல்லிய பலகை அந்தப் பெட்டியின் எடையைத் தாங்காது என்று தம்பி சொன்னது சரிதான். மொட்டைமாடிக் கம்பிக் கதவுக்கு மட்டும் ஐந்து லீவர் பூட்டு ஒன்றை ஊரிலிருந்து வரவழைத்து மாட்டினேன்.

வாசல் கதவுக்குச் சாதாரண மார்டிஸ் பூட்டு. கடைக்குப் போகுமுன் பெரியவர் அளவெடுத்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: கதவு விளிம்பிலிருந்து சாவித்துளையின் நடு வரை 60, கைப்பிடித் துளையிலிருந்து சாவித்துளை வரை 85, சிலிண்டர் நடுத் திருகாணியிலிருந்து இரண்டு பக்கமும் 30. மூன்றும் மி.மீ. கணக்கு. இந்த மூன்றும் ஒத்துப்போனால் கதவில் புதிதாக ஓட்டை போட வேண்டாம். பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் கடையில் அப்படியே கிடைத்தது. டிஜிட்டல் பூட்டுக்காகக் கதவைப் பெரிதாகக் குடைந்திருந்த இடத்தில் தேக்குத் துண்டைச் செருகி, மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்துப் பூசி, நீளக் கைப்பிடித் தகட்டால் மூடினார் தம்பி.

பொருத்தி முடித்ததும் பெரியவர் கதவைச் சாத்த விடவில்லை. திறந்து வைத்தே சாவியைப் போட்டுத் திருப்பச் சொன்னார். நாக்கு தங்குதடையில்லாமல் வந்து போனது. பிறகு சாத்திவிட்டுத் திருப்பச் சொன்னார். இறுகியது. "பாத்தீங்களா? திறந்திருக்கும்போது நல்லா இருந்து, சாத்துனா இறுகுதுன்னா பூட்டு மேல தப்பில்ல. நிலையில இருக்கிற தகடு மேல தப்பு." நிலையின் தகட்டு ஓட்டையைக் கீழ்ப்பக்கம் அரத்தால் லேசாக ராவினார். நல்ல பூட்டை எத்தனையோ வீடுகளில் இதற்காகவே தூக்கிப் போடுகிறார்கள் என்றார். மழைக்காலத்தில் கதவு உப்பும், அப்போது இறுகினால் பூட்டைத் திட்டாமல் கூப்பிடுங்கள், வந்து ராவித் தருகிறேன் என்றும் சொன்னார். அவர் கேட்ட கூலிக்கு மேலேயே கொடுத்தேன். அந்த ஒரு சோதனைக்கே அது தகும்.

சிலிண்டரோடு மூன்று சாவிகள் வந்திருந்தன. எனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. மூன்றாவதை அவள் அக்காவிடம் நீட்டினாள். மகனுக்கு இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம்.

அக்கா வாங்கவில்லை. "எதுக்கும்மா? நான் மணி அடிச்சுக்கிறேன்."

"எனக்கு எந்திரிச்சு வர முடியலக்கா. வாங்கிக்குங்க."

"தொலைஞ்சு போச்சுன்னா? ஊரெல்லாம் சுத்துறேன். பஸ்ல எங்கயாவது விழுந்துச்சுன்னா உங்க வீட்டுக்கு வம்பு."

"தொலைஞ்சா சிலிண்டர மட்டும் மாத்திக்கலாம்க்கா. பூட்டக் கழட்ட வேணாம், கதவ உடைக்க வேணாம். அரை மணி நேர வேலை" என்று சொல்லி, கதவைத் திறந்து, விளிம்பில் அதைப் பிடித்திருக்கிற திருகாணி எது என்று அவருக்குக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, சாவியை வாங்கி ரேஷன் கார்டு வைக்கிற பர்சில் போட்டுக்கொண்டார்.